மின்சார ஸ்கூட்டர் பேட்டரி கோளாறுகள்: பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவைப்படாத சிறிய மின்சார ஸ்கூட்டர்கள்தான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருகின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் விடுபவர்களும், பால் ஊற்றுபவர்களும், ஓய்வு பெற்ற பெரியவர்களும் ஓட்டும் வண்டிகள் இவை. பெரும்பாலானவற்றில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கோ ஐந்தோ ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் லித்தியம் பேக் இருக்கும். "மைலேஜ் குறைந்துவிட்டது, புது பேட்டரி என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டேதான் பலரும் உள்ளே வருகிறார்கள். மல்டிமீட்டரை வைத்து அளந்து பார்த்த பிறகு, பழுது வேறு எங்கோ இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மாதச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுவந்து ஒருவர் நீட்டும்போது, அளந்து பார்க்காமல் அதை வாங்கக் கூடாது என்பது எங்கள் பிடிவாதம். நீங்களும் அளந்து பார்க்காமல் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முன்பு 50 கிலோமீட்டர் போன வண்டி இப்போது 20 கிலோமீட்டரிலேயே படுத்துவிடுகிறது. எல்லா பேட்டரிகளையும் மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். 60 வோல்ட் வண்டி என்றால் அதில் ஐந்து பேட்டரிகள் இருக்கும். கட்டட வேலையில் ஐந்து பேர் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒருவர் சோர்ந்துவிட்டால் மற்ற நால்வருக்கும் தெம்பு இருந்தும் கல் மேலே போகாது. பேட்டரி வரிசையும் அப்படித்தான். ஐந்திலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது. ஒன்று மட்டும் கொள்ளளவு இழந்திருந்தால் அது முதலில் காலியாகி, 10 வோல்ட்டுக்கும் கீழே சரிகிறது. மொத்த மின்னழுத்தம் ஏறக்குறைய 52 வோல்ட்டைத் தொட்டதும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. மற்ற நான்கிலும் இன்னும் பாதி மின்சாரம் மிச்சமிருக்கலாம்.

அந்த ஒன்றைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. வண்டியை முழுதாகச் சார்ஜ் செய்து, வேகம் தளரும்வரை ஓட்டுங்கள். நின்ற ஐந்து நிமிடத்துக்குள் சீட்டைத் தூக்கி, ஒவ்வொரு பேட்டரியின் இரு முனைகளிலும் தனித்தனியாக மீட்டரை வையுங்கள். 12.1, 12.0, 12.1, 10.3, 12.0 என்று வந்தால் நான்காவதுதான் மற்றவற்றைக் கீழே இழுக்கிறது. ஐந்துமே 11.6 அளவில் ஒரே சீராக இருந்தால் எல்லாவற்றுக்கும் வயதாகிவிட்டது. லெட் ஆசிட் பேட்டரி தினசரி ஓட்டத்தில் இரண்டு ஆண்டுகள் உழைத்தாலே நல்ல உழைப்பு. ஐந்தும் இன்னும் 12.3க்கு மேல் நின்றால், மின்சாரம் இருந்தும் வண்டிக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அப்போது ஒயரையும் இணைப்புகளையும் பாருங்கள்.

ஒன்று மட்டும் பழுதென்றால் அதை மட்டும் மாற்றலாமா?

வாங்கி ஓராண்டுக்குள் என்றால் மாற்றலாம். அதே ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் Ah எண்), முடிந்தால் அதே தயாரிப்பு. புதியதையும் பழையவற்றையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுதாக ஏற்றிய பிறகே வரிசையில் சேர்க்க வேண்டும். இதைச் செய்யாமல் கடையிலிருந்து வந்ததை அப்படியே பொருத்துவதால்தான் மூன்றே மாதத்தில் மறுபடியும் அதே குறை தலைகாட்டுகிறது.

இரண்டு ஆண்டு ஓடிய தொகுப்பில் ஒரே ஒரு புதிய பேட்டரியைச் சேர்ப்பது காசைக் கரைக்கும் வேலை. அடுத்த மாதம் இன்னொன்று போகும், அதற்கடுத்த மாதம் மூன்றாவது போகும். அந்த நிலையில் மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்கிறோம்.

வீட்டிலேயே அளந்து பார்க்க என்ன வேண்டும்? ஆபத்தில்லையா?

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 200 வோல்ட் அளவில் திருப்பி வையுங்கள். சிவப்பு ஒயர் வோல்ட் என்று குறித்த துளையில் செருகியிருக்கிறதா என்பதை இருமுறை பாருங்கள். அது 10 ஆம்பியர் துளையில் இருக்கும்போது பேட்டரி முனைகளைத் தொட்டால் நேரடி ஷார்ட் சர்க்யூட் ஆகி, கையிலேயே தீப்பொறி வெடிக்கும். எங்கள் பட்டறையில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

மோதிரம், கைச்சங்கிலி, உலோகக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் தொடங்குங்கள். 60 வோல்ட் தொகுப்பு முழுதாக ஏறியிருக்கும்போது 65 வோல்ட் வரை இருக்கும். ஈரக்கையோடு தொடக்கூடிய அளவல்ல அது.

எந்த எண் நல்ல எண்?

சார்ஜ் முடிந்து, சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். 12.8 அல்லது அதற்கு மேல் என்றால் முழு நிறைவு. 12.2 அளவில் ஏறத்தாழ பாதி. 11.8க்குக் கீழே காலி. பல மணி நேரம் ஏற்றியும் ஒன்று மட்டும் 10.8 அருகில் நின்றால், உள்ளிருக்கும் ஆறு அறைகளில் ஒன்று ஷார்ட் ஆகிவிட்டது. ஓர் அறைக்கு 2.1 வோல்ட் என்று கழித்துப் பார்த்தால் கணக்கு சரியாக வரும்.

ஓய்வில் நல்ல எண் காட்டுவதை வைத்து மட்டும் நம்பிவிடாதீர்கள். கொள்ளளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிய பேட்டரியும் ஓய்வில் 12.8 காட்டும். தொட்டி சிறியதாகிவிட்டாலும் அது நிரம்பத்தான் செய்யும். ஓட்டி முடித்த பிறகு அளக்கச் சொல்வது இதனால்தான்.

சார்ஜரை மாட்டியதுமே பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் வண்டி ஓடவில்லை. ஏன்?

சார்ஜரிலிருந்து மின்சாரம் போகவே இல்லை. பச்சை என்பது பேட்டரி நிறைந்துவிட்டது என்பதை மட்டும் குறிப்பதில்லை. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதையும் அதே பச்சைதான் காட்டுகிறது. சார்ஜிங் துளைக்குள் ஊசி தளர்ந்திருக்கிறதா, சார்ஜிங் வழியில் உள்ள ஃபியூஸ் போயிருக்கிறதா, பேட்டரிகளுக்கு இடையே போகும் இணைப்பு ஒயர் கழன்றிருக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். முனைகளில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ படிந்திருந்தால் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கடற்கரை ஊர்களில் இந்தக் களிம்பு மிக வேகமாக ஏறும். இந்த வகைப் பழுது பெரும்பாலும் அரைமணி நேர வேலை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பச்சையே எரிந்தால், பேட்டரி உள்ளே ஈயத் தகடுகளில் சல்பேட் என்ற உப்பு படிந்து இறுகிவிட்டது என்று கருதலாம்.

எதிர்மாறாக, 12 மணி நேரம் ஆகியும் சிவப்பு விளக்கு மாறவே இல்லை. பேட்டரியும் சுடுகிறது.

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள குறைகளில் கொஞ்சமும் தள்ளிப்போடக் கூடாதது இதுதான்.

நடப்பது என்னவென்றால், ஐந்தில் ஒரு பேட்டரியில் ஓர் அறை ஷார்ட் ஆகிவிடுகிறது. சார்ஜர் 73 வோல்ட் வரை ஏற்றி, பிறகு மின்னோட்டம் குறைந்ததும் 69 அளவுக்கு இறங்கி ஓய்வெடுக்க வேண்டும். ஓர் அறை செத்துவிட்டதால் மின்னோட்டம் குறைவதே இல்லை. செத்த அறையின் பங்கு வோல்ட்டும் நல்ல பேட்டரிகள் தலையில் வந்து ஏறுகிறது. அவை தேவைக்கு மேல் ஏற்றப்பட்டு, சூடாகி, சூட்டில் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்து, பக்கவாட்டில் உப்பிவிடுகின்றன. பழுதானது ஒன்று; அதைக் கவனிக்காமல் விட்டதால் உப்பியவை நான்கு. ஓர் அம்மாவின் வண்டியில் பேட்டரிகள் பெட்டிக்குள்ளேயே உப்பிச் சிக்கிக்கொண்டன. கால் வைக்கும் தகட்டை அறுத்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. "ஒரு வாரமாகவே சிவப்பு மாறவில்லை, கரன்ட் மட்டமாக வருகிறது என்று நினைத்துவிட்டேன்" என்றார். அந்த ஒரு வாரத்துக்குள் வந்திருந்தால் ஒரு பேட்டரியோடு போயிருக்கும்.

பேட்டரி எல்லாம் சரியாக அளவு காட்டினால் பழுது சார்ஜரில் இருக்கலாம். அதைச் சோதிக்க, வேறொரு சார்ஜரை மாட்டிப் பாருங்கள். வோல்ட் அளவும் பேட்டரி வகையும் ஒன்றாக இருப்பது கட்டாயம்.

சமதரையில் ஓடுகிறது. மேம்பாலம் ஏறும்போது மட்டும் அணைந்துவிடுகிறது.

ஏற்றத்தில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் இரண்டு மூன்று மடங்காகிறது. வயதான பேட்டரியின் உள்தடை அதிகம் என்பதால் அந்த நேரத்தில் வோல்ட் சட்டென்று சரிந்து, கண்ட்ரோலர் துண்டித்துவிடுகிறது. சுமை நீங்கியதும் வோல்ட் மீண்டுவிடும். அதனால்தான் சாவியை அணைத்துப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது. தளர்ந்த இணைப்பு இருந்தாலும் இதே அறிகுறிதான். ஏற்றம் ஏறி நின்றதும் சாவியை எடுத்துவிட்டு, ஒயர்களின் முனைகளுக்கு அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரே ஓர் இடம் மட்டும் அனல் வீசினால் அங்கேதான் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அது பேட்டரியின் பழுதல்ல.

வண்டியின் மீட்டரில் பேட்டரி முழுதாகக் காட்டுகிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சக்கரம் அசையவில்லை.

பேட்டரியைத் தொடுவதற்கு முன் பிரேக் லீவரைப் பாருங்கள். மின்சார வண்டியில் பிரேக்கைப் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் துண்டிக்கப்படும். அதற்கென்று லீவரில் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் நீங்கள் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவே வண்டி நினைக்கும். பின்னால் பிரேக் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று ஒருமுறை பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது சைடு ஸ்டாண்டு சென்சார். சேறு படிந்து அது ஒட்டிக்கொள்வது மழைக்காலத்தில் வாடிக்கை.

மோட்டார் ஓடுகிறது, ஆனால் விளக்கும் ஹாரனும் வேலை செய்யவில்லை.

60 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் கன்வெர்ட்டர் போயிருக்கும், அல்லது அதன் ஃபியூஸ். பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

"20 சதவீதத்துக்குக் கீழே இறக்காதே, 80க்கு மேல் ஏற்றாதே" என்கிறார்களே, கடைப்பிடிக்கலாமா?

அது லித்தியத்துக்கான பழக்கம், கைப்பேசியிலிருந்து வந்தது. லெட் ஆசிட் வண்டியில் அதைக் கடைப்பிடித்தால் பேட்டரியைக் கொல்வதாகவே முடியும். ஈயத் தகட்டில் மின்சாரம் இறங்கும்போது ஈய சல்பேட் உருவாகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துபோகும். பாதி நிறைவிலேயே நாள்கணக்கில் விட்டால் படிகமாகக் கெட்டிப்பட்டு, பிறகு எத்தனை மணி நேரம் ஏற்றினாலும் கரையாது. எனவே லெட் ஆசிட் என்றால் ஐந்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலும் அன்றே முழுதாக ஏற்றுங்கள். லித்தியம் என்றால் தினமும் நிறைக்க வேண்டியதில்லை.

இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். வண்டியில் உயிரே இல்லை.

சாவியை எடுத்துவிட்டாலும் திருட்டு அலாரம், ஜி.பி.எஸ். போன்றவை துளித்துளியாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். லெட் ஆசிட் என்றால் ஒவ்வொரு பேட்டரியையும் தனியே 12 வோல்ட் சார்ஜரில் குறைந்த ஆம்பியரில் ஒரு நாள் முழுவதும், பக்கத்தில் இருந்து பார்த்தபடி ஏற்றிப் பாருங்கள். சில மீளும், கொள்ளளவு குறைந்தே மீளும்.

லித்தியம் என்றால் உள்ளிருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்புப் பலகை செல்களைக் காப்பாற்றுவதற்காக வெளித்தொடர்பைத் துண்டித்திருக்கும். சரியான சார்ஜரை மாட்டினால் சில பேக்குகள் விழித்துக்கொள்ளும். விழிக்கவில்லை என்றால், பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாக ஒயர் கொடுத்து எழுப்பித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். மிக ஆழமாக இறங்கிய லித்தியம் செல்லின் உள்ளே இருக்கும் தாமிரத் தகடு கரைந்து, மறுபடியும் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். தீ பிடிப்பதற்கு அது ஒரு வழி.

அடுத்த முறை கிளம்பும் முன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் போங்கள். லெட் ஆசிட்டை முழுதாக ஏற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை யாராவது ஏற்றட்டும். லித்தியத்தைப் பாதி நிறைவில் வைப்பது போதும்.

லெட் ஆசிட்டை எடுத்துவிட்டு லித்தியம் போட்டேன். பழைய சார்ஜரும் 60 வோல்ட்தானே?

பெயர்தான் ஒன்று, சார்ஜ் நிற்க வேண்டிய முடிவு வோல்ட் ஒன்றல்ல. லெட் ஆசிட் சார்ஜர் 73.5 வோல்ட் வரை போகும். 16 செல் வரிசை கொண்ட என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட்) வகை லித்தியம் பேக் 67.2 வோல்ட்டில் நின்றாக வேண்டும். செல் ஒன்றுக்கு 4.2 என்பதுதான் எல்லை. 20 செல் கொண்ட எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு 73 வோல்ட். பழைய சார்ஜரை மாட்டினால் கடைசித் தடுப்பாக நிற்பது பி.எம்.எஸ். ஒன்றுதான். அது ஒருநாள் தவறினால் தடுக்க வேறொன்றும் இல்லை. பேக் வாங்கும்போது வகை என்ன, எத்தனை செல் வரிசை, முடிவு வோல்ட் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் பேக் வாங்க வேண்டாம்.

லித்தியம் வண்டியில் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று பூஜ்யம் ஆகி நின்றுவிட்டது.

எல்.எஃப்.பி. வகையில் இது சகஜம். அந்தச் செல் 90 சதவீதத்திலிருந்து 20 வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டில், 3.2, 3.3 என்று நிற்கும். வோல்ட்டை வைத்து மிச்சத்தைக் கணிக்க முடியாததால், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் பி.எம்.எஸ். சதவீதம் சொல்கிறது. முழுதாக ஏற்றாமலே வாரக்கணக்கில் ஓட்டினால் கணக்கு வழுவிப்போகும். ஒருமுறை முழுதாக ஏற்றி, 100 காட்டிய பிறகும் சில மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள், பகலில், ஆள் இருக்கும்போது. செல்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வை பி.எம்.எஸ். சமன் செய்வது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். மிகச் சிறிய மின்னோட்டத்தில் செய்வதால் நேரம் பிடிக்கும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தும் மாறவில்லை என்றால் ஒரு செல் பலவீனமாகிவிட்டது. பேக்கைத் திறக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

வெயிலில் நிறுத்துவதால் கெடுமா?

கெடும். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் பாதியாகக் குறையும் என்பது பேட்டரித் தொழிலில் நெடுங்காலமாக நம்பப்படும் கணக்கு. சித்திரை வெயிலில் வேலூரிலும் கரூரிலும் காற்றே 40 டிகிரியைத் தாண்டுகிறது, சீட்டுக்கு அடியில் அதைவிட அதிகம். நிழலில் நிறுத்துங்கள். ஓட்டி வந்ததும் சார்ஜ் போடாமல் அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். செலவே இல்லாமல் ஆயுளைக் கூட்டும் வழி இதைவிட வேறு கிடையாது.

டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் மீளுமா?

இந்த ஸ்கூட்டர்களில் உள்ளவை அடைத்த பேட்டரிகள். மூடியைப் பெயர்த்து ஊற்ற வேண்டாம். உள்ளிருப்பது கந்தக அமிலம்.

தண்ணீரில் வண்டி மூழ்கிவிட்டது. காயவைத்து ஓட்டலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ வண்டிகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. ஐ.பி.67 என்ற தரக்குறி ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது. அதற்கு மேல் நின்ற லித்தியம் பேக்கை, வெளியே காய்ந்துவிட்டது என்பதற்காகச் சார்ஜ் போடாதீர்கள். உள்ளே நுழைந்த அழுக்கு நீர் செல்களுக்கு இடையே அரித்து, நாள்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆகலாம். வீட்டை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, திறந்து பார்க்கும் வசதியுள்ள சர்வீஸ் மையத்துக்குச் சொல்லுங்கள்.

இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாமா?

வேண்டாம். 2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜில் இருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவருடைய மகளும் இறந்துபோனார்கள். வண்டி எரிந்ததைவிட, அதன் புகை வெளியேறும் வழியை அடைத்ததுதான் அந்த இரவின் கொடுமை. அந்த ஆண்டு நாட்டில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பதிவுபெறும் மின்சார வண்டிகளின் பேட்டரிகளுக்கு ஏ.ஐ.எஸ். 156 என்ற பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டிகளும், வெளியில் வாங்கி மாட்டிய பேக்குகளும் அந்தச் சோதனைகளைக் கடந்து வந்தவை என்று நினைத்துவிடாதீர்கள்.

வாசற்படியிலும் மாடிப்படிக்குக் கீழும் சார்ஜ் போடாதீர்கள். தீ என்றால் நீங்கள் ஓட வேண்டிய வழி அது. எர்த் உள்ள பிளக் பாயின்டில் நேரடியாகச் செருகுங்கள், மெல்லிய நீட்டிப்பு ஒயரில் வேண்டாம். பேக்கிலிருந்து இனிப்பான ரசாயன வாடை, சீறும் ஒலி, வெண்புகை மூன்றில் எது வந்தாலும் வண்டியைக் காப்பாற்ற முயலாமல் வீட்டிலிருப்போரை வெளியேற்றி 101க்கு அழையுங்கள்.

மாற்றிய பழைய பேட்டரிகளை என்ன செய்வது?

லெட் ஆசிட்டை எடை போட்டு வாங்கிக்கொண்டு புதியதில் கழித்துத் தருவார்கள். பேரம் பேசாமல் விட்டுவிடாதீர்கள், ஈயத்துக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. தெருவில் பழைய இரும்பு வாங்க வருபவரிடம் மட்டும் போட வேண்டாம். அமிலத்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கும் இடங்களுக்கு அது போய்ச்சேரும். அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகள் ரத்தத்தில் ஈயம் ஏறுகிறது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழையவற்றைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. லித்தியம் பேக்கை விற்ற இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். அதுவரை முனைகளுக்கு டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள்.